டவுட் கேக்குறவங்க பேரை யார்கிட்டயும் குடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கல்விப் பக்கத்தை விடாம படிக்கிறவ நான். காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டா என்னெல்லாம் பண்ணலாம்னு அப்பப்ப போடுறீங்க, அதுல பசங்களே பசங்களுக்கு பாடம் சொல்லிக்குடுக்க ஜோடி சேத்து விடுற வெப்சைட் கட்டலாம்ங்கற யோசனையும் வருது. நானும் என் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் காலேஜ்ல அதே மாதிரி ஒண்ணு கட்டுனோம், நல்லா ஓடுச்சு, அப்புறம் ஒரே வாரத்துல நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சுங்கறத இதை கட்டப்போற பசங்க தெரிஞ்சுக்கணும்னு தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், இடம் பத்தலைன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, அந்த லிஸ்ட் விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

இந்த யோசனை எங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டாவது செமஸ்டர்ல எனக்கு கணக்குல அரியர் விழுந்துச்சு. இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்ல எதை யூன்னு எடுக்கணும்ங்கறது எனக்கு பிடிபடவே இல்ல, சார் மூணு தடவ நடத்துனாரு, மூணு தடவயும் தலைய ஆட்டிட்டு வந்தேன். ஒருநாள் ராத்திரி என் ரூம்மேட் நோட்டை எட்டிப் பாத்துட்டு "இங்கதானடி மாட்டிக்கிட்ட, நானும் போன மாசம் இதே இடத்துல தான் முழிச்சிட்டு இருந்தேன், டிஃபரன்ஷியேட் பண்ணப் பண்ண சின்னதாகிட்டே போறது எதுன்னு பாரு, அதை யூன்னு எடு"ன்னா. இருபது நிமிஷம் தான் ஆச்சு. அவ ஒண்ணும் பெரிய டாப்பர் கிடையாது, எங்க கால் இடறும்ங்கறது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்துச்சு அவ்ளோதான். சாருக்கு பாடம் நல்லா தெரியும், ஆனா அவரு அதை கத்துக்கிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, புரியாம உக்காந்திருந்த அந்த நாள் அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்சதும் இல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சட்டாம்பிள்ளைன்னு மூத்த பையன் ஒருத்தன் இருப்பான், சின்னப் பசங்களை உக்கார வச்சு பாடம் ஒப்பிக்கச் சொல்லி கேக்குறது அவன் வேலை. 1789ல இருந்து மெட்ராஸ்ல ஆண் அனாதைப் பசங்க பள்ளிக்கூடத்துக்கு பொறுப்பா இருந்த ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியாரு, இந்த ஊர்ப் பசங்க மணல்ல விரலால எழுதிக் கத்துக்கிறதைப் பாத்துட்டு தன் பள்ளிக்கூடத்துலயும் அதை கொண்டுவரப் பாத்தாரு, அங்க இருந்த வாத்தியாருங்க ஒத்து வரல, சரின்னு ஒரு சின்னப் பையனையே மத்த பசங்களுக்கு சொல்லிக்குடுக்க விட்டாரு. அது நடந்துச்சு. 1797ல லண்டன்ல அதைப் பத்தி புத்தகம் போட்டாரு, அங்க அதுக்கு மெட்ராஸ் சிஸ்டம்னே பேரு. அதாவது இது ரொம்பப் பழைய பழக்கம், நாம கூட சேக்கறது அந்த ஜோடி சேக்குற வேலையை மட்டும் தான்.

ஆராய்ச்சியும் நிறைய இருக்கு, ஆனா அதை கொஞ்சம் நிதானமா படிக்கணும். 1984ல பெஞ்சமின் ப்ளூம்ங்கற அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் எழுதுன கட்டுரையை இந்த மாதிரி சைட் கட்டுற எல்லாரும் ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல போடுவாங்க, நாங்களும் போட்டோம். தனியா ஒரு ஆள் கூட உக்காந்து சொல்லிக்குடுத்தா, அப்படி படிச்ச சராசரி பையன் சாதாரண கிளாஸ்ல படிச்ச 98 சதவீதம் பேரைத் தாண்டிடறான்னு அதுல இருக்கு. கணக்குப்படி அது 2 ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது மார்க் எல்லாம் சராசரில இருந்து எவ்ளோ சிதறியிருக்குன்னு காட்டுற அளவுல ரெண்டு மடங்கு. ஆனா 2011ல கர்ட் வான்லேன்ங்கறவரு நிறைய ஆய்வுகளை சேத்து வச்சு பாத்தப்ப மனுஷங்க தனியா சொல்லிக்குடுக்கறதோட பலன் அதே அளவுல 0.79 தான் வந்துச்சு. அதுவே பெரிய பலன் தான், ஆனா 2 இல்ல. என்னைக் கேட்டா இதை விட முக்கியமானது 1982ல கோஹன்ங்கறவரும் குலிக்ங்கற பேர் இருந்த ரெண்டு பேரும் சேந்து 65 ஆய்வுகளைப் பாத்து எழுதுனது, அதெல்லாம் பள்ளிக்கூடத்துல நடந்தது தான், ஆனாலும் அதுல கத்துக்கிட்ட பசங்க மட்டும் இல்லாம சொல்லிக்குடுத்த பசங்களும் அதே பாடத்துல முன்னேறுனாங்கன்னு வந்துச்சு. இந்த ஒரு வரியை நாங்க அன்னிக்கே சரியா புரிஞ்சிருந்தா எங்க சைட்டை வேற மாதிரி கட்டிருப்போம்.

நாங்க எப்படி கட்டுனோம்னா, முதல் பக்கத்துல ரெண்டு பட்டன், ஒண்ணுல "நான் சொல்லிக்குடுக்கிறேன்", இன்னொண்ணுல "எனக்கு உதவி வேணும்". பாக்க அழகா இருந்துச்சு. முதல் வாரம் சொல்லிக்குடுக்க ரெடின்னு வரிசையா வந்து பேர் குடுத்தாங்க, உதவி வேணும்னு வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். எங்க நாலு பேருக்கும் புரியல, கிளாஸ்ல பாதிப் பேருக்கு டவுட் இருக்குன்னு எங்களுக்கே தெரியும், இன்டர்னல் மார்க்கும் அதைத்தான் சொல்லுது, அப்புறம் ஏன் யாரும் வரல. பட்டன் கலர் சரியில்லையோன்னு மாத்துனோம், போஸ்டர் ஒட்டுனோம், கிளாஸ் கிளாஸா போய் பேசுனோம். கொஞ்சம் கொஞ்சமா வந்தாங்க. வந்தவங்கள்ல நிறைய பேரு நடுராத்திரி தாண்டி தான் ரிக்வெஸ்ட் போட்டாங்க, அதுவும் சில பேரு போட்டுட்டு பத்து நிமிஷத்துல அழிச்சிடுவாங்க. இப்ப நினைச்சா அந்த அழிச்ச ரிக்வெஸ்ட் எல்லாம் தான் எனக்கு மனசுல நிக்குது, ஒரு பொண்ணு ராத்திரி உக்காந்து எனக்கு இது தெரியலைன்னு டைப் பண்ணி, அனுப்பி, அப்புறம் யாராவது பாத்துடுவாங்களோன்னு பயந்து எடுத்திருக்கா.

ஜோடி சேக்குற கணக்கைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா ப்ராஜெக்ட் பண்றவங்க முக்கால்வாசி நேரத்தை அதுல தான் போடுவாங்க. எங்க டீம்ல ஒருத்தன் கேல் ஷேப்லி அல்காரிதம் தான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னான். டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962ல எழுதுனது, ரெண்டு பக்கமும் யாரு யாரை விரும்புறாங்கன்னு வரிசை குடுத்தா, யாரும் தங்க ஜோடிய விட்டுட்டு வேற ஆளோட ஓடிப்போக ஆசைப்படாத மாதிரி சேத்துக் காட்டும், 2012ல ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் இந்த வேலைக்கு தான் பொருளாதார நோபல் குடுத்தாங்க. அருமையான விஷயம் தான். ஆனா எங்க சைட்ல டவுட் கேக்க வர்ற பொண்ணுக்கு சொல்லிக்குடுக்குற நாப்பது பேர்ல ஒருத்தரையும் தெரியாது, அவ எங்க போய் யாரை முதல்ல யாரை ரெண்டாவதுன்னு வரிசை போடுவா. இன்னொண்ணு, அந்த முறைக்கு எல்லாரும் ஒரே நாள்ல வரிசை குடுத்துட்டு காத்திருக்கணும், இங்க டவுட்டு வர்றது பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒவ்வொருத்தருக்கா வருது.

உண்மைல தேவைப்பட்டது மூணே விஷயம் தான், ரெண்டு பேருக்கும் ஒரே டாபிக், ஒரே நேரம் ஃப்ரீயா இருக்கணும், சொல்றவங்க பேசுற மொழி கேக்குறவங்களுக்கு வசதியா இருக்கணும். டாபிக்னா பாடத்தோட பேரு இல்ல. "மேத்ஸ்ல வீக்"னு ஒருத்தன் போட்டா அவனுக்கு யாராலயும் உதவ முடியாது, "ரிகர்ஷன்ல ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டதுக்கு அப்புறம் கன்ட்ரோல் எங்க திரும்பி வருதுன்னு தெரியல"ன்னு போட்டா ஃபர்ஸ்ட் இயர் முடிச்ச யாரும் பத்து நிமிஷத்துல சொல்லிடலாம். அதனால பாடத்துக்குள்ள யூனிட், யூனிட்டுக்குள்ள சின்னச் சின்ன டாபிக்னு சிலபஸை உடைச்சு டேட்டாபேஸ்ல ஏத்துனோம், அந்த வேலைக்கு கோடிங் ஒண்ணும் வேணாம், பொறுமையா நாலு பேர் உக்காந்து டைப் பண்ணணும், ஆனா மொத்த சைட்லயே உருப்படியான வேலை அதுதான்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன். நேரத்துக்கு வாரத்தை அரை மணி அரை மணியா பிரிச்சு கட்டம் போட்டுக் குடுத்தோம், ஃப்ரீயா இருக்கறதை டிக் பண்ணா போதும். அதுக்கப்புறம் ஜோடி தேடுறது ஒரே ஒரு எஸ்க்யூஎல் க்வெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்குற ஒரு கேள்வி.

அந்த க்வெரியிலயும் ஒரு இடத்துல அடி வாங்குனோம். முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல கிடைச்ச ஆளைக் குடுத்துட்டே போனோம். ஒரு சீனியர் அக்காவுக்கு மட்டும் தான் ஃபூரியர் சீரிஸ் வரும், அவங்களுக்கு சாதாரண டிஃபரன்ஷியேஷனும் வரும், அதை சொல்லிக்குடுக்க இன்னும் பத்து பேர் இருக்காங்க. டிஃபரன்ஷியேஷன் கேட்ட பையன் முதல்ல வந்துட்டதால அக்காவை அவன்கிட்ட அனுப்பிட்டோம், அஞ்சு நிமிஷம் கழிச்சு ஃபூரியர் கேட்டு வந்த பொண்ணுக்கு ஆளே இல்ல. இந்த மாதிரி மொத்தமா பாத்து பங்கு போடுறதுக்கு ஹங்கேரியன் மெத்தட்னு ஒண்ணு இருக்கு, 1955ல ஹெரால்ட் கூன் எழுதுனது, கோனிக் எகெர்வாரின்னு ரெண்டு ஹங்கேரிக்காரங்க வேலைல இருந்து வந்ததால அந்தப் பேரை வச்சாரு. சாயங்காலம் வரைக்கும் வந்த ரிக்வெஸ்டை சேத்து வச்சு ஒரு தடவ அதை ஓட்டுனா போதும். ஆளு கம்மியா இருந்தா அதுகூட வேணாம், யாருக்கு தெரிஞ்ச டாபிக் கம்மியோ அவங்களை முதல்ல அனுப்பு, அரிதான டாபிக் தெரிஞ்சவங்களை கடைசில வச்சுக்கோன்னு ஒரு வரி சேத்தாலே ஓரளவுக்கு சரியாகிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ரெண்டு பேர் ஒரே நொடில ஒரே ஆளை ஒரே நேரத்துக்கு புக் பண்ணுவாங்க, நம்ம கோட் ரெண்டு பேருக்கும் "காலியா இருக்கு"ன்னு சொல்லிடும். அதை கோட்ல செக் பண்ணி தடுக்க முடியாது, டேட்டாபேஸ்லயே யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு ஒருத்தர் ஒரு கட்டத்துல ஒரு தடவ தான்னு பூட்டு போடணும். டெமோ காட்டுறப்ப இது வெளில தெரியாது, பரீட்சைக்கு முந்தின வாரம் தெரியும்.

இப்ப அந்த லிஸ்ட்.

சைட் ஓட ஆரம்பிச்சு ரெண்டாவது இன்டர்னல் நெருங்குற நேரம், நல்லா பழகிடுச்சு, ஜூனியர்ஸ் எல்லாம் லைப்ரரில ஜோடி ஜோடியா உக்காந்திருப்பாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கும். டிபார்ட்மென்ட்ல இருந்து கூப்பிட்டு நல்லா பண்றீங்கன்னு பாராட்டிட்டு, யார் யாரு எந்தெந்த பாடத்துல எத்தனை தடவ உதவி கேட்டிருக்காங்கன்னு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் குடும்மான்னு கேட்டாங்க. நான் தான் அட்மின் பேஜ் எழுதுனவ. அஞ்சு நிமிஷ வேலை, எக்செல்ல இறக்கி அனுப்பிட்டேன். யோசிக்கவே இல்ல. அவங்களும் கெட்ட எண்ணத்துல கேக்கல, தனியா கிளாஸ் வச்சு உதவலாம்னு தான் கேட்டாங்க. மறுநாள் அந்த லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்துச்சு, மேல "ஸ்லோ லேர்னர்ஸ் ஸ்பெஷல் கிளாஸ்"னு தலைப்பு, கீழ பேரு, ரோல் நம்பர், பாடம், எத்தனை தடவ கேட்டாங்கங்கற எண்ணிக்கை. கிளாஸ்லயும் ஒருத்தர் ஒருத்தரா எழுந்து நிக்கச் சொல்லி படிச்சாங்க.

அந்த லிஸ்ட்ல இருந்தவங்க யாருன்னு நினைக்கிறீங்க. நிஜமாவே ஒண்ணும் தெரியாதவங்க அதுல ரொம்ப கம்மி, அவங்கள்ல நிறைய பேரு சைட் பக்கமே வரல. லிஸ்ட்ல இருந்தது எல்லாம் தெரியாததை தெரிஞ்சுக்கணும்னு தைரியமா கேட்டவங்க. அதிகமா கேட்ட ஒரு பொண்ணு பேரு தான் முதல்ல இருந்துச்சு, அவ நல்லா படிக்கிறவ, ஒவ்வொரு டாபிக்கையும் ரெண்டு பேர்கிட்ட கேட்டு சரிபாக்குற பழக்கம் அவளுக்கு. அவ என்னை வராண்டால பாத்து ஒண்ணும் பேசாம போயிட்டா. அந்த வாரம் வந்த ரிக்வெஸ்ட் பூஜ்யம். அடுத்த வாரமும் அப்படியே. நாங்க போய் மன்னிப்பு கேட்டோம், போர்டுல இருந்து எடுத்தாச்சுன்னு சொன்னோம், யாரும் திரும்பி வரல, அவங்க வராதது சரிதான்.

ஆசிரியர் அவர்களே, எங்க சைட் நின்னது இதனால தான். ஒரு கத்துக்கிற சைட் கையில வச்சிருக்கிற டேட்டா வேற ஒண்ணும் இல்ல, "எனக்கு இது தெரியாது"ன்னு ஒருத்தர் நம்பி சொன்னது. டாக்டர்கிட்ட சொன்னதை டாக்டர் போர்டுல ஒட்டுனா அடுத்த தடவ யாரு போவா.

அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் இதைப் பத்தி தான் படிச்சேன். 1973ல அமெரிக்கால மிசௌரி பல்கலைக்கழகத்தோட கேன்சஸ் சிட்டி வளாகத்துல டீயன்னா மார்ட்டின்ங்கற அம்மா சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அப்புறம் அது நிறைய நாட்டுக்கு போயிருக்கு. அவங்க பண்ணது ஒரு சின்ன மாத்தம், வீக்கான பசங்க யாருன்னு தேடல, கஷ்டமான பாடம் எதுன்னு தேடுனாங்க. ஒரு பாடத்துல நிறைய பேரு ஃபெயில் ஆகுறாங்களா, பாதில விடுறாங்களா, அப்ப அந்தப் பாடம் எடுத்த எல்லாருக்கும் வாரா வாரம் ஒரு குரூப் நடக்கும், அதை ஏற்கனவே பாஸ் பண்ண ஒரு சீனியர் நடத்துவாங்க, அவங்க மறுபடியும் அந்தக் கிளாஸ்ல போய் உக்காந்து பாடம் கேட்டுட்டு வந்து நடத்துவாங்க. டாப்பரும் வருவான், அரியர் வச்சவனும் வருவான், வாசல்ல யாரு நின்னு பாத்தாலும் யாரு எதுக்கு வந்தான்னு தெரியாது. இதை படிச்சப்ப தான் எங்க ரெண்டு பட்டன்ல என்ன தப்புன்னு எனக்கு உறைச்சுது. உள்ள நுழையும்போதே நீ தெரிஞ்சவனா தெரியாதவனான்னு கேட்டு பிரிச்சு விட்டோம், கூச்சப்பட்டவங்க வாசல்லயே திரும்பிட்டாங்க.

ஃபைனல் இயர்ல ரெண்டாவது தடவ கட்டுனோம். பட்டனே கிடையாது. எல்லாருக்கும் ஒரே ஃபார்ம், சிலபஸ் டாபிக் எல்லாம் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "சொல்லிக்குடுப்பேன்", "இன்னும் தெளிவில்ல" ரெண்டு கட்டம், ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஒண்ணாவது டிக் பண்ணா தான் உள்ள போக முடியும். டாப்பரும் ஏதாவது ஒண்ணு தெளிவில்லன்னு போட்டே ஆகணும், அரியர் வச்சவனும் ஏதாவது ஒண்ணு சொல்லிக்குடுப்பேன்னு போட்டே ஆகணும். எங்களுக்கே ஆச்சரியம், மூணு பேப்பர் அரியர் வச்சிருந்த ஒரு பையன் லேப்ல சர்க்யூட் கனெக்‌ஷன் குடுக்குறதை அவ்ளோ அழகா சொல்லிக்குடுப்பான், அவன்கிட்ட கத்துக்க டாப்பருங்க வந்து உக்காந்தாங்க, அந்தப் பையன் அதுக்கப்புறம் தன்னோட டவுட்டை யார்கிட்டயும் கூச்சமில்லாம கேட்டான்.

குடுத்து வாங்குற கணக்கு வேணுமான்னு எங்களுக்குள்ள சண்டையே நடந்துச்சு. ஒரு மணி நேரம் சொல்லிக்குடுத்தா ஒரு மணி நேரம் கேக்கலாம்னு கிரெடிட் போடலாம்னு ஒருத்தி சொன்னா. கேக்க நியாயமா இருக்கும். ஆனா வாஷிங்டன்ல கேபிடல் ஹில்னு ஒரு இடத்துல, தம்பதிங்க ஒருத்தர் குழந்தையை ஒருத்தர் மாத்தி மாத்தி பாத்துக்க 1970கள்ல கூப்பன் போட்டு ஒரு சங்கம் நடத்துனாங்க, அரை மணிக்கு ஒரு கூப்பன். கூப்பன் கம்மியா புழங்குனதால எல்லாரும் நாளைக்கு வேணுமேன்னு சேத்து வச்சுட்டு வெளில போறதையே நிறுத்திட்டாங்க, யாரும் போகலைன்னா யாருக்கும் கூப்பன் சம்பாதிக்க வழியில்ல, அப்படியே முடங்கிடுச்சு, கடைசில கூடுதலா கூப்பன் அடிச்சு குடுத்த அப்புறம் தான் ஓடுச்சு. பொருளாதார பாடத்துல இதை உதாரணமா சொல்லுவாங்க. எங்களுக்கும் அதே ஆகும், பரீட்சைக்கு வேணும்னு கிரெடிட்டை பதுக்குவாங்க, புதுசா வந்த ஃபர்ஸ்ட் இயர் பசங்க கையில ஒண்ணுமே இருக்காது. அதனால கிரெடிட்டே வேணாம்னு விட்டுட்டோம். போடுறவங்க போட்டுக்கலாம், ஆனா சேரும்போதே எல்லாருக்கும் தாராளமா அஞ்சாறு மணி நேரம் குடுத்து ஆரம்பிங்க.

லிஸ்ட் விஷயத்துக்கு என்ன பண்ணோம்ங்கறது தான் கட்டப்போறவங்களுக்கு முக்கியம். பாஸ்வேர்டு வாங்கவே இல்ல, காலேஜ் மெயிலுக்கு ஒரு லிங்க் போகும், அதை அழுத்துனா லாகின், காலேஜ்ல இருக்கிறவங்க தான்னு உறுதியும் ஆச்சு. ஜோடி சேர்ற வரைக்கும் யாருக்கும் யாரு பேரும் தெரியாது, டாபிக் மட்டும் தெரியும். ஃபோன் நம்பர் வாங்கல, பேச்சு எல்லாம் சைட்டுக்குள்ளயே, சந்திக்கிறது லைப்ரரி மாதிரி நாலு பேர் இருக்கிற இடத்துல தான். பொண்ணுங்க பொண்ணுங்ககிட்ட மட்டும் கேக்கணும்னா அதுக்கு ஒரு கட்டம், காரணம் கேக்க மாட்டோம். செஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சுன்னா யாரு கேட்டாங்கங்கறதை டேட்டாபேஸ்ல இருந்தே அழிச்சிடுவோம், டாபிக்கும் தேதியும் மட்டும் நிக்கும், பேக்கப்லயும் பேர் தங்காத மாதிரி பாத்துக்கிட்டோம். டிபார்ட்மென்டுக்கு ரிப்போர்ட் குடுப்போம், அதுல "இந்த மாசம் லாப்லாஸ் ட்ரான்ஸ்ஃபார்ம்ல நிறைய பேருக்கு சிக்கல்"னு இருக்கும், பேரு இருக்காது, அஞ்சு பேருக்கு கம்மியா கேட்ட டாபிக்கே அதுல வராது, ஏன்னா ரெண்டு பேர் கேட்டிருந்தா யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். அந்த ரிப்போர்ட்டை பாத்துட்டு ஒரு மேடம் லாப்லாஸை மறுபடியும் முதல்ல இருந்து நடத்துனாங்க. பேர் இல்லாத ரிப்போர்ட் அவங்களுக்கு போதுமானதா இருந்துச்சு.

ஸ்டார் ரேட்டிங்கும் வைக்காதீங்க. ஃப்ரெண்டுக்கு எல்லாரும் அஞ்சு போடுவாங்க, அதுல ஒண்ணும் தெரியாது, எப்பவாவது ஒருத்தன் மூணு போட்டா காசு வாங்காம வந்து உக்காந்து சொல்லிக்குடுத்த பொண்ணு மறுபடி வரவே மாட்டா. நாங்க ஒரே கேள்வி வச்சோம், "இந்த டாபிக்ல ஒரு கணக்கு குடுத்தா இப்ப தனியா போட்டுடுவீங்களா?" இல்லைன்னா அதே டாபிக்குக்கு வேற ஆள்கிட்ட அனுப்புவோம், பழி யார் மேலயும் விழாது. சொல்லிக்குடுக்க வர்றவங்களுக்கு அரை மணி பயிற்சி குடுத்தோம், அதுல முக்கியமா ரெண்டு விஷயம். முதல்ல எது வரைக்கும் புரிஞ்சுதுன்னு கேளுங்க. அப்புறம் பேனா கேக்குறவங்க கையில தான் இருக்கணும், நீங்க வாங்கி எழுத ஆரம்பிச்சிட்டா அவங்க தலையாட்ட ஆரம்பிச்சிடுவாங்க. அசைன்மென்ட்டை முடிச்சுக் குடுக்கச் சொல்ற ஆளுங்களும் வந்தாங்க, அதுக்காகவே ஃபைல் அனுப்புற வசதி வைக்கல, காசும் வைக்கல. காசு வந்துட்டா டவுட் கேக்கிறது போய் வேலை வாங்குறதா மாறிடும்.

சொன்ன நேரத்துக்கு வராம போறது தான் கடைசி வரைக்கும் எங்களால முழுசா சரி பண்ண முடியாத ஒண்ணு. முந்தின நாள் ஒரு மெசேஜ், ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ், வர முடியலைன்னா ஒரே தட்டுல கேன்சல், இதெல்லாம் வச்சப்புறம் குறைஞ்சுது. கேன்சலை கஷ்டமா வச்சா கேன்சல் பண்ணாமலே வராம இருப்பாங்க.

இப்பல்லாம் ஏஐ கிட்டயே கேட்டுக்கலாமே, இந்த சைட் எதுக்குன்னு கேக்குறாங்க. நானும் தினம் அதை யூஸ் பண்றேன், நடுராத்திரி கூச்சமில்லாம கேக்கலாம்ங்கறது பெரிய நிம்மதி தான், எங்க சைட்ல ரிக்வெஸ்ட் போட்டு அழிச்ச பொண்ணுங்களுக்கு அப்ப அது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா அதுக்கு சொல்லிக்குடுத்து நமக்கு ஒண்ணும் வளராது, 1982 ஆய்வுல சொன்ன அந்த ரெண்டாவது பலன், சொல்லிக்குடுக்கிறவங்களுக்கு வர்றது, அது ஒரு ஆளு எதிர்ல உக்காந்து "புரியல, மறுபடி சொல்லு"ன்னு சொன்னா தான் வரும். அந்த சர்க்யூட் பையனை வேற எந்த வழியிலயும் யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க.

நாங்க படிப்பு முடிச்சு வெளில வந்தோம், டொமைன் பணம் கட்ட ஆளில்லாம சைட் நின்னுபோச்சு. பாஸ்வேர்டு எல்லாம் எங்க நாலு பேர் மெயில்ல இருந்துச்சு, ஜூனியர்ஸ் கையில குடுக்காம வந்தது எங்க தப்பு. கட்டுற பசங்க ஆரம்பத்துலயே செகண்ட் இயர் பசங்க ரெண்டு பேரை டீம்ல சேத்துக்கோங்க, கோட் எழுத வராட்டியும் பரவால்ல, சாவி அவங்ககிட்ட ஒண்ணு இருக்கணும்.

போன மாசம் ஒரு ஜூனியர் பொண்ணு எப்படியோ என் நம்பர் பிடிச்சு கூப்பிட்டா, அக்கா அந்த கோட் இருந்தா குடுங்க, நாங்க மறுபடி ஆரம்பிக்கிறோம்னா. அந்த நோட்டீஸ் போர்டு கதையை முழுசா சொன்னேன். சொல்லிட்டு, உங்ககிட்ட யாராவது பேரோட ரிப்போர்ட் கேட்டா என்னம்மா பண்ணுவ, பெரியவங்க கேப்பாங்க, நல்லதுக்கு தான் கேப்பாங்க, முடியாதுன்னு சொல்ல உன்னால முடியுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "முடியாதுன்னு சொல்றது கஷ்டம்க்கா, அதனால பேர் ஒரு நாளைக்கு மேல டேபிள்ல இருக்காத மாதிரி பண்ணிடறோம், இல்லாததை எப்படி குடுக்க முடியும்"னா. நாங்க ரெண்டு வாரம் வச்சிருந்தோம். கோட் முழுசையும் அன்னிக்கு ராத்திரியே அனுப்பிட்டேன்.

இப்படிக்கு,
உங்க வாசகி
(பேர் போட வேணாம்)